காதுக்காரர் திறக்காத பானட்

அவருக்கு இருந்தது காது இரைச்சல். நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது. அதில் நாற்பது வருடம் ஓடும் இன்ஜினுக்குள் தலையை விட்டிருக்கிறார். இடது காது பாதி போய்விட்டது, மீதி இரையத்தான் செய்யும். மருத்துவரிடம் காட்டினால் குணமாகாவிட்டாலும் பெயராவது சொல்வார்கள். அவர் கேட்கவில்லை.

"இரைச்சல்னா சும்மா உய்யுன்னு கேக்கும் சிஸ்டர். எனக்கு இன்ஜின் கேக்குது. நாலு சிலிண்டர், பெட்ரோல். ஏத்தத்துல இழுக்க முடியாம திணறுது. இரைச்சலுக்கு எங்கேருந்து நாலு சிலிண்டர் வந்துச்சு?"

"எப்பக் கேக்குது?"

"காலையில. ஒன்பதரை வாக்குல."

"அழுக்கு அடைச்சிருக்கான்னு முதல்ல பாக்கணும். உக்காருங்க."

உட்கார்ந்தார். அழுக்கு அடைத்திருந்தது. மூன்று நாள் சொட்டு மருந்து விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் பாய்ச்சி எடுத்தேன். நான்காம் நாளும் ஒன்பதரைக்குக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பட்டறையின் பின்மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே தார்ப்பாய் போர்த்திய பழைய பிக்கப் ஒன்று இருந்தது. அதன் நான்கு டயர்களும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

நான் அங்கே போனது அவருடைய அப்பாவுக்காக. பெரியவருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பேச்சில் மிஞ்சியவை மூன்று: 'சரி', 'வேண்டாம்', ஒரு கெட்ட வார்த்தை. மற்றதெல்லாம் போனாலும் வசவு மட்டும் தப்பிப் பிழைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கெட்ட வார்த்தையை அவர் காலையில் முகம் துடைக்கும்போது ஒரு தடவை, மாலையில் மாத்திரை கொடுக்கும்போது ஒரு தடவை என்று அளவாகத்தான் பயன்படுத்தினார். நான் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய கட்டிலுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. பகலில் அதைத் திறந்தே வைப்போம். மண்ணெண்ணெய் வாடையும் ரப்பர் வாடையும் அறைக்குள் வரும், பெரியவர் மூக்கை நிமிர்த்திப் படுத்திருப்பார். மாடியில் மருமகள் இருந்தாள். அவள் பெரியவரின் இளைய மகனுடைய மனைவி. விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுப்பது அவள் தொழில். மொட்டை மாடி முழுக்க வெள்ளைத் துணி காயும். இளையவர் உயிரோடு இல்லை. மூத்தவர்தான் இந்த மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லாரும் அவரைக் காதுக்காரர் என்பார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. பழைய பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி சரியான நொடியில் பிறக்க வேண்டும். அந்த நொடிக்கு டைமிங் என்று பெயர். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு பாகம் இருக்கிறது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடி, மூடியிலிருந்து ஐந்து கறுப்பு ஒயர். உள்ளே பாயிண்ட் என்கிற சின்ன உலோக நாக்கு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பொறி. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை ஒரு நூலளவு இப்படித் திருப்பினால் பொறி முந்தும், அப்படித் திருப்பினால் பிந்தும். முந்தினால் இன்ஜின் உள்ளுக்குள் தட்டும். பிந்தினால் இழுவை போய்விடும், சூடேறும். மற்ற மெக்கானிக்குகள் டைமிங் லைட் வைத்துப் பார்த்துத் திருப்புவார்கள். இவர் காதை வைத்துத் திருப்புவார். "லைட்டு செவிடனுக்கு" என்று சொல்லித் திரிந்த காலமும் உண்டாம். பிறகு அவர் காதே போயிற்று. அதைப் பற்றி வாடிக்கையாளர்கள் அவர் முன்னால் பேசுவதில்லை, கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. டைமிங் வைத்ததும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள போல்ட்டை முழுதாக இறுக்கமாட்டார். விரலால் பிடிக்கிற அளவு மட்டும் வைப்பார். முன்கண்ணாடியில் சோப்புத் துண்டால் ஒரு வட்டம் போடுவார். வண்டிக்காரர் தண்ணீர்த் தொட்டி மேடு வரை ஓட்டிப் போய் ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும். எப்படி இழுத்தது என்று கேட்டு, கடைசியாக ஒரு நூல் திருப்பி, அப்புறம்தான் ஸ்பானர் போட்டு இறுக்குவார். சோப்பு வட்டத்தையும் தன் கையால் துடைப்பார். வட்டம் இருக்கிற வண்டி வேலை முடியாத வண்டி. அந்தத் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். வட்டத்தோடு யாராவது வேறு பக்கம் ஓட்டிப் போனால், "என்னப்பா, தையல் பிரிக்காம ஆஸ்பத்திரியிலேருந்து ஓடி வந்துட்டியா?" என்று மற்ற டிரைவர்களே திருப்பி அனுப்புவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் தம்பியின் பிக்கப்புக்குப் பாயிண்ட் மாற்றி டைமிங் வைத்தார். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பதரை மணிக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தம்பி இறங்கி, பானட்டைத் திறந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி பிக்கப்பை இடித்துத் தள்ளியது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கப் பலகை மடங்கியது, அவ்வளவுதான். முன்னால் நின்றவர் போய்விட்டார்.

வண்டி நாற்பது நாள் காவல் நிலைய வாசலில் மழையில் கிடந்து திரும்பி வந்தது. கண்ணாடியில் வட்டம் இருந்ததோ இல்லையோ, மழை கழுவிவிட்டது. காதுக்காரர் அதைப் பின்மூலைக்குத் தள்ளித் தார்ப்பாய் போர்த்தினார். அதற்கப்புறம் தொடவில்லை. அடுத்த வருடம் பெரியவர் பக்கவாதத்தில் விழுந்தார்.

இதையெல்லாம் அவர் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை உதவிக்கு வருவார், இன்று ஒரு வரி, நாளை ஒரு வரி என்று வரும். ஒருநாள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு அவர் திரும்பி வந்தாரா? நீங்க இறுக்கினீங்களா?"

"அதான் சிஸ்டர் ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லாம எப்படி?"

"அன்னிக்கு மட்டும் தனியா என்ன நடந்துச்சு, ஞாபகம் வச்சுக்க? எல்லா நாளும் மாதிரி ஒரு நாள். கண்ணை மூடினா வட்டத்தைத் தொடச்சது தெரியுது. அவன் வண்டி கண்ணாடிதான். கீழ் மூலையில ஒரு விரிசல், அதுகூடத் தெரியுது. ஆனா அது அன்னிக்கா, அதுக்கு ஆறு மாசம் முன்னாடியா, யாரு சொல்றது? இறுக்கியிருந்தேன்னா வண்டி வேற எதனாலயோ நின்னுச்சு. இறுக்கலைன்னா ஓட ஓட டிஸ்ட்ரிபியூட்டர் தானா திரும்பி, பொறி பிந்தி, ஏத்தத்துல நின்னுச்சு. அப்ப அவனை நிறுத்தி வச்சது நான்."

"பானட்டைத் தூக்கிப் போல்ட்டைத் தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சிடும்" என்றார்.

பெரியவர் தலையணையிலிருந்து "வேண்டாம்" என்றார். அவர் தலையணையைச் சொன்னார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காதுக்காரர் அடிபட்டவர் மாதிரி அப்பாவைப் பார்த்தார்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாதவர்களை எனக்குத் தெரியும். ஒரு அம்மாள் கவரை வாங்கி வந்து பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார், மூன்று வருடம். உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த மூன்று வருடமும் அவர் நோயாளியாகத்தான் வாழ்ந்தார். காதுக்காரருக்கு ஒன்பது. தினமும் பத்தடி தூரத்தில் அந்தக் கவர் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

அந்தப் பட்டறையில் வேறு சில வழக்கங்களும் எனக்குப் புரிய ஆரம்பித்தன. எந்த வண்டி வேலை முடிந்தாலும் அவர் போல்ட்டை மூன்று தடவை இறுக்கிப் பார்ப்பார். வண்டி தெருமுனை போனதும் கை தட்டித் திரும்பக் கூப்பிட்டு நான்காவது தடவை பார்ப்பார். "அண்ணே, இன்னும் ஒரு தடவை இறுக்கினா போல்ட்டு கையோட வந்துரும்" என்று ஒரு ஆட்டோக்காரர் சிரித்தார். காதுக்காரரும் சிரித்தார். ஆனால் இறுக்கிப் பார்க்காமல் விடவில்லை. பின்மூலையில் இருக்கிற சாமான்களைச் சுவர் ஓரமாக வளைந்து போய் எடுப்பார், தார்ப்பாய் மேலே படாமல். நானும் வந்த இரண்டாவது மாதத்திலிருந்து அப்படியே வளைந்து போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டது பல நாள் கழித்துத்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலையில் மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பட்டறை மேசையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை வைத்தாள். வாடகை வேன்காரன் அந்த வாரம் மூன்றாவது தடவையாக வரவில்லை. இரண்டு விடுதிகள் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டன.

"அத்தான், இதைப் பிக்கப்புல போட்டுக் குடுங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். கறுப்பாக ஒரு வில்லை, தீப்பெட்டியில் பாதி. அதிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. கூடவே காந்தம் பதித்த ஒரு வளையம். எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதே இடத்தில் இதை வைத்தால், தேய்வதும் இல்லை, இடைவெளி பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதும் இல்லை.

"பழைய வண்டிம்மா. ஒன்பது வருஷம் நின்னிருக்கு. அதுக்குச் செலவு பண்றது வீண்."

"இன்ஜின் நல்ல இன்ஜின்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"அது அப்ப."

"இப்ப என்ன, இன்ஜினுக்குக் கோவம் வந்துருச்சா?" அவள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க போடலைன்னா பரவால்ல அத்தான். பேட்டரிக் கடைப் பக்கத்துல ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கார். திங்கக்கிழமை வந்து பாத்துத் தரேன்னு சொல்லியிருக்கார்."

காதுக்காரரின் முகம் மாறியதை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். வேறொருவர் கை அந்தப் போல்ட்டில் படும். வேறொருவர் வாயிலிருந்து, அதுவும் இவள் முன்னால், "யாரும்மா இதை இறுக்காம விட்டது?" என்று வரும். அதை அவர் அந்த நிமிடமே கேட்டுவிட்டார்.

"நானே போடுறேன்" என்றார்.

மூன்று நாள் சுற்றி வளைத்தார். தார்ப்பாயை எடுத்தபோது பெரியவரைச் சக்கர நாற்காலியில் கதவருகே வைத்திருந்தேன். தூசி எழும்பியதும் அவர் தன் கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "மாமாவுக்கு மட்டும்தான் நான் நினைக்கிறதைச் சொல்ல முடியுது."

முதல் நாள் டயர், பிரேக். இரண்டாம் நாள் பெட்ரோல் டாங்க், கார்புரேட்டர். மூன்றாம் நாள் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். இவ்வளவு நாளும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலே ஒரு பழைய துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். பானட்டுக்குள் அந்தப் பக்கம் மட்டும் வெள்ளைத் துணி. நான் முகம் மூடிய உடல்கள் பல பார்த்தவள். எனக்கே அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. தினமும் ஒன்பதரைக்கு வேலையை நிறுத்திக் காதைச் சாய்த்தார். இப்போது சத்தம் மூலையிலிருந்து வரவில்லை, அவர் கைக்குக் கீழேயிருந்து வருகிறது என்றார்.

"இன்ஜின் ஓடல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"எனக்கும் தெரியுது சிஸ்டர். தெரிஞ்சும் கேக்குது."

நான்காம் நாள் செய்ய வேறு வேலை இல்லை. காலை எட்டு மணி இருக்கும். மருமகள் சாவியோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், சொல்லும்போது திருப்புவதற்கு. நான் விளக்குப் பிடித்தேன். "உங்க கை நடுங்காது சிஸ்டர், ஊசி போட்ட கை" என்று அவர்தான் கூப்பிட்டார்.

துணியை எடுத்தார். மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளினார். உள்ளே சுற்றும் ரோட்டரைக் கழற்றினார். பாயிண்ட்டைப் பார்த்து, நடுவே தகடு விட்டு இடைவெளி பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார், தனக்குத்தானே. பாயிண்ட்டின் திருகைத் தொட்டார். இறுகியிருந்தது. கழற்றிப் பாயிண்ட்டை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். இனி மிச்சம் அடியில் உள்ள போல்ட்.

ஸ்பானரை எடுத்தார். வைத்தார். வேட்டி நுனியில் கையைத் துடைத்தார். மறுபடி எடுத்தார்.

"நீங்க தொட்டுப் பாருங்க" என்றார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய வேண்டாம். வலப்பக்கம், அடியில. விரலால திருப்புங்க. திரும்புதா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

விளக்கை இடது கைக்கு மாற்றினேன். குனிந்து, இரண்டு விரலால் போல்ட்டின் தலையைப் பிடித்தேன். எண்ணெய்க் கசிவு இருந்ததால் துருப் பிடிக்கவில்லை. பாட்டில் மூடி மாதிரித் திரும்பியது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை லேசாக அசைத்தேன். அதுவும் அசைந்தது.

பொய் சொல்லலாம். அந்த நொடியில் அது தோன்றாமல் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் மிச்ச வயதை நிம்மதியாக வாழ்ந்துவிடுவார் என்று பட்டது. ஆனால் நோயாளியின் காய்ச்சலை நான் குறைத்துச் சொன்னதே இல்லை. குறைத்துச் சொன்னால் காய்ச்சல் குறையாது.

"லூசா இருக்கு" என்றேன்.

அவர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது.

"என்னாச்சு அத்தான்? திருப்பவா?" மருமகள் சீட்டிலிருந்து கேட்டாள். பதில் வராததால் இறங்கி வந்தாள்.

"நான் இறுக்கல" என்றார் அவர்.

"எதை?"

"அன்னிக்கு. போல்ட்டை இறுக்காம விட்டுட்டேன். அதான் வண்டி ஏத்தத்துல நின்னுச்சு. வேற யாரும் காரணம் இல்ல. ஒன்பது வருஷமா உன் சோத்தைத் தின்னுக்கிட்டு இதைச் சொல்லாம இருந்திருக்கேன்."

அவள் பானட்டுக்குள் பார்த்தாள். போல்ட்டை அவளும் விரலால் தொட்டுத் திருப்பினாள், இப்படியும் அப்படியும். ரொம்ப நேரம் திருப்பினாள்.

"அவர் திரும்பி வரவே இல்ல" என்றாள்.

"யாரு?"

"அவர்தான். அன்னிக்கு மேட்டுக்குப் போயிட்டு இங்க திரும்பி வரல. லாட்ஜ்காரன் ஒன்பது மணியிலேருந்து போன் பண்ணிக் கத்திட்டிருந்தான், விரிப்பு எங்க, விரிப்பு எங்கன்னு. அவர் மேட்டுல இருக்கும்போதே போன் பண்ணினேன். அண்ணன் ஒரு தடவை பாக்கணும்னு சொன்னான், அஞ்சு நிமிஷம்னு சொன்னார். நான்தான், அண்ணன் எங்க போயிடப் போறார், இறக்கிட்டு வந்து காட்டிக்கலாம், நேரா போங்கன்னு சொன்னேன். அப்புறம் பாலத்துலேருந்து கூப்பிட்டார். வண்டி ஏற மாட்டேங்குது, திட்டு வாங்கப் போறேன்னு சிரிச்சார். அதான் கடைசி."

காதுக்காரர் டயரிலிருந்து எழுந்து பானட்டுக்கு வந்தார்.

"பாலத்துல அவனே போல்ட்டைக் கழட்டிப் பாத்திருப்பானோ?" என்றார்.

"அவரா? ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது அவருக்கு. வண்டியில ஒரு ஸ்பானர் இருந்ததில்ல. அண்ணன் இருக்கான்ல, எனக்கெதுக்குன்னுதான் சொல்லுவார்."

"கண்ணாடியில வட்டம் இருந்துதா?"

"இருந்துச்சு அத்தான். ஸ்டேஷன்ல வண்டியை அடையாளம் காட்டப் போனேன்ல. மொதல் நாள். அதுக்கப்புறம்தான் மழை."

"நான் தொடச்ச மாதிரி ஞாபகம்."

"நீங்க தொடைக்கல."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. கேட்டிருந்தா, யாரு அவரை நேரா போகச் சொன்னதுன்னு அடுத்து கேப்பீங்க."

இரண்டு பேரும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். இவர்கள் திறந்த பானட்டின் இரண்டு பக்கமும் நின்று, நடுவே அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில், மேலும் கீழுமாக, ஒன்பது வருடம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காததை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். கதவருகே பெரியவர் "சரி" என்றார், யாரும் திரும்பிப் பார்க்காததால் இன்னொரு தடவையும் சொன்னார்.

அவருக்கு விடுதலை கிடைத்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தான் இறுக்க மறந்ததல்ல, தம்பி திரும்பி வராததுதான் என்று தெரிந்தது. ஆனால் விரல் பிடியில் வண்டியை வெளியே அனுப்புகிற அந்த முறையே அவருடையதுதானே. அதை அவர் அன்று மதியமே எனக்குச் சொன்னார். "மேடு வரைக்கும்தான் போவாங்கன்னு நான் எப்படி நம்பினேன் சிஸ்டர்? ரோட்டுக்கு நடுவுல கயிறா கட்டியிருக்கு?"

வேலையை முடித்தார்கள். அன்றே முடிக்கலாம் என்று சொன்னது மருமகள். பாயிண்ட் இருந்த இடத்தில் கறுப்பு வில்லையை வைத்துத் திருகினார். தண்டில் காந்த வளையத்தை அமுக்கினார். ரோட்டர், மூடி. சிவப்பு ஒயரை, பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயிலின் பிளஸ் முனையில், கறுப்பை மைனஸில். "மாத்திக் குடுத்தா ஒரே நொடியில வெந்துரும்" என்று சொல்லி, என்னையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னார். காயிலுக்கு வரும் பழைய ஒயரில் மின்சாரம் குறைந்து வரும், இந்த வில்லைக்கு முழு பன்னிரண்டு வோல்ட் வேண்டும் என்று சிவப்புக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தார். அப்புறம் மருமகளிடம் தலையசைத்தார்.

நான்காவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. புகை பட்டறையை நிறைத்தது. நான் பெரியவரை உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டு வந்தேன். காதுக்காரர் வலது காதை இன்ஜின் பக்கம் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு நூல் இப்படி. ஒரு நூல் அப்படி. பிறகு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார். "ரெண்டு சத்தம் கேக்குது. எது இந்த இன்ஜின்னு தெரியல."

அலமாரியில் வாடிக்கையாளர் ஒருவர் விட்டுப்போன டைமிங் லைட் இருந்தது. நான் போய் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். செவிடனுக்கு என்று அவர் சொன்னதெல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முதல் பிளக் ஒயரில் கவ்வியை மாட்டி, கீழே சுற்றும் புல்லியில் வெளிச்சத்தைக் காட்டினார். விளக்கு படபடவென்று அடித்தது. ஓடுகிற புல்லியில் அவர் வெள்ளைப் பெயின்ட் வைத்திருந்த கோடு, ஓடாமல் அப்படியே நின்றது. கண்ணுக்கு முன்னால் சக்கரம் சுற்றுகிறது, கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அது வெளிச்சத்தின் வேலை என்று தெரிந்தும்.

இன்ஜின் உடம்பில் இருந்த குறியோடு கோடு சேர்ந்ததும் ஸ்பானர் போட்டார். விரல் பிடி இல்லை, சோப்பு வட்டம் இல்லை. வண்டி பட்டறைக்குள் நிற்கும்போதே முழு இறுக்கு இறுக்கினார். நாற்பது வருட வேலைமுறையை அன்றோடு விட்டார். மறுபடியும் விளக்குக் காட்டிப் பார்த்தார். கோடு நகரவில்லை.

மருமகள் இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு விரிப்பு ஏற்றிக்கொண்டு போகிறாள், மேம்பாலம் வழியாகத்தான். வேறு வழி இருக்கிறது, சுற்று வழி, அவள் போவதில்லை. அவள் கிளம்புமுன் காதுக்காரர் வந்து பானட்டைத் தூக்குவார். ஸ்பானர் வைத்து ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பார். ஒரே தடவைதான், முன்பு போல நான்கு இல்லை. அவள் சாவியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பாள். வண்டி போனதும் அவர் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பழைய சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நான் கேட்பதில்லை. காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பெயர் சொன்னார்கள், மருந்து இல்லை என்றார்கள்.

போன மாதம் காதுக்காரருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். நான் எழுந்திருக்கவிடவில்லை. ஒன்பது மணிக்கு மருமகள் சீட்டில் ஏறினாள், சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி வந்து ஸ்பானரை என்னிடம் நீட்டினாள்.

"நீயே பாத்துக்கலாமே" என்றேன். "உனக்குத் தெரியாததா?"

"நான் பாத்தா சரி வராது சிஸ்டர். போற ஆளு பாக்கக் கூடாது. இருக்கிற ஆளு பாக்கணும்."

இப்படி ஒரு விதியை யார் எப்போது வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் இதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குப் போய், பானட்டுக்குள் குனிந்து, ஸ்பானரை வைத்து அழுத்தினேன். அசையவில்லை.

"இறுகியிருக்கு. போ" என்றேன்.

போனாள். நான் உள்ளே வந்து பெரியவரின் பதினோரு மணி மாத்திரையை எடுத்து வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், அப்படியே ஜன்னலண்டை நின்றுவிட்டேன். பிக்கப் தெருமுனை திரும்பி வாசலில் வந்து நின்றபோது மணி பதினொன்றரை. அதற்கப்புறம்தான் மாத்திரையைக் கொடுத்தேன். குறிப்புத் தாளில் நேரத்தை மாற்றாமல் பதினொன்றரை என்றே எழுதினேன்.